யூரின் இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வருகிறதா? புரோபயாடிக் எடுக்கும் முறை

மாத்திரை முடிந்த சில வாரங்களிலேயே மறுபடியும் நீர்க்கடுப்பு. பல பெண்கள் இதை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான். பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் அது சுலபமாக மேலே ஏறிவிடும். பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் ஈ.கோலை பெருகுவது கடினம். ஆன்டிபயாடிக் இந்தக் காவலையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதை மீட்க உதவுவதுதான் புரோபயாடிக்கின், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரையின், நோக்கம்.

படி 1: முதலில் சிகிச்சை. இப்போது எரிச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், எந்தக் கிருமி என்று காட்டும் யூரின் கல்ச்சர் பரிசோதனை எடுங்கள். வந்துவிட்ட தொற்றைப் புரோபயாடிக் குணப்படுத்தாது. காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே போங்கள். கர்ப்பிணிகளும் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: லேபிளைப் படியுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது; இனத்தின் பெயரோடு ரகத்தின் குறியீடும் வேண்டும். பெண்களின் சிறுநீர்ப் பாதைக்காக அதிகம் ஆராயப்பட்டவை ராம்னோசஸ் ஜிஆர்-1, ரியூட்டரி ஆர்சி-14. இவற்றிலும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை, அதனால் உறுதியான பலன் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். காலாவதி தேதியையும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

படி 3: எடுக்கும் நேரம். ஆன்டிபயாடிக் நடக்கும்போதே தொடங்கினால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் வயிறு உப்பலாம். கீமோதெரபியில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

சரி, தயிர் போதாதா? தாராளமாகச் சாப்பிடுங்கள், குடலுக்கு நல்லது. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த ரகம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மோர்க்குழம்பாகக் கொதித்துவிட்டால் உயிருள்ள பாக்டீரியாவும் மிஞ்சாது.

படி 4: தண்ணீர். குறைவாகக் குடிக்கும் பெண்கள் தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தபோது தொற்று பாதியாகக் குறைந்ததாக 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்க்காதீர்கள், அடக்கியும் வைக்காதீர்கள்.

ஆறு மாதத்தில் 2 முறை அல்லது வருடத்தில் 3 முறை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் பேசுங்கள். மாதவிடாய் நின்றவர்கள், அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றிக் கேளுங்கள்; அவர்களுக்குப் புரோபயாடிக்கைவிட அதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது.