டாம்கேட் மாடல் இறக்கியாச்சு, அது ஏ-வா, பி-யா, டி-யா?

டாம்கேட் என்பது அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானம்; ஏ, பி, டி அதன் மூன்று வகைகள். கணினியில் பறக்கும் சிமுலேட்டருக்காக நான் முதன்முதலில் இறக்கிய இலவச எஃப்-14 மாடலின் பெயர் எஃப்-14ஏ. பின்னால் மாட்டியிருந்ததோ பி-யின் எஞ்சின், மூக்குக்குக் கீழே டி-யின் இரட்டைக் கண். மூன்று விமானங்களைப் பிய்த்து ஒட்டிய அந்த உருவத்தை ஆறு மாதம் ஓட்டிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

படி 1. மாடலை வெளிப்புறக் கேமராவில் திறந்து, பெயிண்டைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பின்பக்கம் போய் நில்லுங்கள். டாம்கேட்டின் எழுத்தைத் தீர்மானிப்பது எஞ்சின்தான். ஏ-வில் இருந்தது பிராட் அண்ட் விட்னியின் டிஎஃப்30. பி, டி இரண்டிலும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்110. ஏ-வின் நாசில் (எஞ்சின் பின்னால் புகை வெளியேறும் வாய்) தகடுகள் ஒன்றோடொன்று இழைந்து வழவழவென்ற ஒரே வளையம்போலத் தெரியும். எஃப்110-இல் நீளமான தகடுகள் தனித்தனியாக, வரிவரியாகத் தெரியும். இரண்டு நிஜப் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் மறக்காது. இங்கேயே தப்பாக இருந்தால் அந்த மாடலை உருவாக்கியவர் மற்ற இடங்களிலும் கவனமாக இருந்திருக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். எஃப்-14ஏ பிளஸ் என்று தனியாக ஒரு பெயர் பார்ப்பீர்கள். அது பி-தான், 1991 மே மாதத்தில்தான் அதற்கு பி என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே 1991 ஜனவரி வளைகுடாப் போர் மிஷனில் ஏ பிளஸ் என்று எழுதியிருந்தால் அது சரியான எழுத்துதான்.

படி 2. இப்போது முன்பக்கம் வாருங்கள். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கூடு இருக்கும். அதில் இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டி: ஒன்று டிவி கேமரா, இன்னொன்று எதிரி விமானத்தின் சூட்டை வைத்துத் தேடும் அகச்சிவப்பு சென்சார். ஒற்றைக் கேமரா மட்டும் இருந்தால் ஏ அல்லது பி. ஆரம்பகால ஏ-க்களில் இந்தக் கேமராவே கிடையாது. அதனால் 1970-களின் நடுப்பகுதி பெயிண்டும் கேமராவும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 3. இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பிலிருந்து சின்ன முக்கோணத் தகடு ஒன்று வெளியே நீளும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது வேலை செய்வதற்காக வைத்தது அது, ஏ-வில் மட்டும்தான் உண்டு. பிற்காலத்தில் ஏ-விலும் அதைப் பூட்டிவிட்டார்கள். பி அல்லது டி என்று சொல்லும் மாடலில் அது நீண்டால் தவறு. இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரிக்கு மடங்குவதைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள், மூன்றிலும் அது ஒன்றுதான்.

படி 4. காக்பிட். ஏ, பி இரண்டிலும் ஹட் (விமானியின் கண்ணெதிரே வேகம், உயரம் போன்றவற்றைக் காட்டும் கருவி) எழுத்துகள் முன்கண்ணாடியிலேயே விழும், அதற்கென்று தனிக் கண்ணாடி நிற்காது. (கடைசிக் காலத்தில் பி-க்களுக்குத் தனி ஹட் வந்தது, அது விதிவிலக்கு.) டி-யில் தனிக் கண்ணாடியும் டிஜிட்டல் திரைகளும் இருக்கும்.

படி 5. இனி பறந்து பாருங்கள், எனக்கு மிக முக்கியமான சோதனை இதுதான். நல்ல உயரத்துக்கு ஏறி, வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரட்டரை (வால் சுக்கான்) ஒருபக்கம் மிதித்தபடியே த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) சட்டென்று கீழே இழுத்து மறுபடி முழுக்கத் தள்ளுங்கள். ஏ என்றால் எஞ்சினுக்குள் காற்று தடைபட்டு, கம்ப்ரஸர் ஸ்டால் ஆகி, ஒரு பக்கத்து உந்துதல் போய், மூக்கு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு எஞ்சின்களும் அவ்வளவு தள்ளித் தள்ளி இருப்பதால் அந்தத் திருப்பம் பலமாக இருக்கும், விட்டுவிட்டால் சுழன்று விழுவீர்கள். பி, டி இதைத் தாங்கிக்கொள்ளும். கப்பலிலிருந்து ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் அமைப்பு) போடாமலேயே கிளம்பும் அளவுக்கு அந்த எஞ்சினுக்குச் சக்தி உண்டு. ஏ என்று பெயர் வைத்த மாடல் இந்தச் சோதனையில் அமைதியாகப் பறந்தால் உள்ளே இருப்பது ஏ-வின் எஞ்சின் இல்லை.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1994 அக்டோபர் 25 அன்று, சான் டியேகோவுக்கு அப்பால் கடலில், ஆபிரகாம் லிங்கன் கப்பலில் இறங்க வந்த எஃப்-14ஏ ஒன்றின் இடது எஞ்சின் இப்படித்தான் ஸ்டால் ஆனது. ஓட்டியவர் லெப்டினன்ட் காரா ஹல்ட்கிரீன். பின்னிருக்கையில் இருந்தவர் பிழைத்தார், ஹல்ட்கிரீன் பிழைக்கவில்லை. ஒரு எழுத்து வித்தியாசம் நிஜத்தில் எவ்வளவு கனமானது என்று அதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

படி 6. கடைசியாகத்தான் பெயிண்ட். கறுப்பு வாலில் மண்டையோடும் எலும்பும் போட்ட ஜாலி ரோஜர்ஸ் படையணியின் லிவரியைத்தான் (பெயிண்ட் அலங்காரம்) எல்லோரும் முதலில் தேடுவார்கள், அதிகம் தவறு நடப்பதும் அதில்தான். வாலில் ஏஜே என்று இருந்தால் அது விஎஃப்-84 படையணி, அவர்கள் கடைசிவரை ஓட்டியது ஏ. 1995-இல் அந்தப் படையணி கலைக்கப்பட்டபோது பெயரையும் மண்டையோட்டையும் விஎஃப்-103 எடுத்துக்கொண்டது. அவர்களுடைய வாலில் ஏஏ, அவர்கள் ஓட்டியது பி. ஏஜே வாலை பி-யின் மேல் ஒட்டியிருந்தால் லிவரியை எடுத்து ஏ-வின் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் ஏ, பி இரண்டும் தனித்தனியாக இருப்பதால் அங்கே இது சுலபம்.

விமானத்தின் வரிசை எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். 159600 என்ற எண்ணைப் பார்த்தால் பழைய ஏ என்றுதான் தோன்றும், அது ஏ-வாகப் பிறந்து பிறகு டி-யாக மாற்றிக் கட்டப்பட்டது. மொத்தம் 55 டி-க்களில் 18 இப்படி வந்தவை, புதிதாகக் கட்டியது 37-தான். எண் இடித்தால் மறுபடி படி 1-க்குப் போய் நாசிலைப் பாருங்கள்.