பேக்கேஜ் ஏறலையா? கம்பைலர் மேல் பழி போடும் முன்

பல்லாவரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜனவரி பிறந்தால் ஃபைனல் இயர் பசங்க ப்ராஜெக்டோடு வந்து நிற்பார்கள். தலைப்பை எப்படி எழுதியிருந்தாலும் பாதிப் பேருடையது முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் சாஃப்ட்வேர்தான். அதற்கு ஓபன்சிவி வேண்டும், டிலிப் வேண்டும்; இரண்டும் படத்தில் முகத்தைக் கண்டுபிடிக்க உதவும் பைத்தான் பேக்கேஜ்கள். எங்கள் சர்வரில் ஓடுவதோ சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ். அதோடு வரும் கம்பைலர் (சோர்ஸ் கோடை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் ப்ரோகிராம்) ஜிசிசி 4.8.5, 2015-இல் வந்தது. "சார், கம்பைலர் பழசு, அப்டேட் பண்ணிக் குடுங்க" என்பார்கள். நான் கேட்பது வேறு: கம்பைலரை முதலில் கூப்பிட்டது யார்?

பைத்தான் பேக்கேஜ்களை இறக்கிப் போடும் பிப் ஒழுங்காக வேலை செய்தால் பெரும்பாலும் கம்பைலர் பக்கமே போகாது. ஏற்கெனவே கம்பைல் செய்துவைத்த வீல் கோப்பை இறக்கிப் பிரித்துப் போட்டுவிடும். ஆனால் சென்ட்ஓஎஸ் 7 தரும் பைத்தான் 3.6-இன் பிப் 9.0.3. பல லினக்ஸ்களுக்குப் பொதுவான 'மெனிலினக்ஸ்2014' வகை வீலைப் புரிந்துகொள்ள பிப் 19.3 ஆவது வேண்டும். புரியாத பிப் என்ன செய்யும்? சோர்ஸை இறக்கித் தானே கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடும். ஓபன்சிவி தகராறில் முக்கால்வாசி இதுதான். எனவே ஒரு வென்வ் (ப்ராஜெக்டுக்கென்று தனி பைத்தான் ஃபோல்டர்) போட்டு, அதற்குள் 'பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்' கொடுங்கள். (கட்டளைகளைப் பசங்களுக்குப் போனில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) பிறகு '--ப்ரிஃபர்-பைனரி' சேர்த்து ஓபன்சிவியைப் போடுங்கள். பழைய பைத்தானுக்குப் புதுப் பதிப்பில் வீல் இருக்காது. இந்த ஆப்ஷன் இருந்தால் பிப் வீல் உள்ள பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளும். அட்டெண்டன்ஸ் போட அது தாராளமாகப் போதும்.

டிலிப் அப்படி இல்லை. அது சோர்ஸாகவே வரும், கம்பைல் செய்தே ஆக வேண்டும். இங்கேதான் எரர் படிக்கத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் எனக்கு வருவதெல்லாம் கடைசி வரியின் போட்டோ: 'ஃபெயில்ட் பில்டிங் வீல்'. அதில் ஒன்றுமே இல்லை. மேலே ஏறிப் போங்கள், 'எரர்' என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

'பைத்தான்.ஹெச்' கிடைக்கவில்லை என்றிருந்தால் கம்பைலர்மீது குற்றமில்லை. பைத்தான்3-டெவல் பேக்கேஜ் போடப்படவில்லை. உபுண்டு லினக்ஸில் அதன் பெயர் பைத்தான்3-டெவ். 'கில்ட்' என்ற சொல்லும் 'சிசி1பிளஸ்' என்ற பெயரும் சேர்ந்து வந்தால் ரேம் போதவில்லை, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கம்பைலரைக் கொன்றுவிட்டது என்று பொருள். புது ரேம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடும் முன் கொஞ்சம் ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) சேர்த்து, ஒரு நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் கம்பைல் ஆகும்படி 'சிமேக்_பில்ட்_பேரலல்_லெவல்' மாறியில் '1' வைத்துப் பாருங்கள். சி மொழிப் பேக்கேஜ் ஏதாவது, 'ஃபார்' லூப்புக்குள் மாறியை அறிவிப்பது சி99 (1999-ஆம் ஆண்டு விதிகள்) மோடில் மட்டுமே செல்லும் என்று அடம்பிடித்தால், அதற்கும் புது கம்பைலர் தேவையில்லை. ஜிசிசி 5 வருவதற்கு முந்தைய ஜிசிசி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சி மொழியின் 1990-ஆம் ஆண்டு விதிகளையே பின்பற்றும். 'சிஃப்ளாக்ஸ்' மாறியில் '-எஸ்டிடி=ஜிஎன்யூ99' என்று கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

'-எஸ்டிடி=சி++14' அல்லது 'சி++17' (சி++ மொழியின் புதிய விதிகள்) என்ற ஆப்ஷனையே தெரியாது என்கிறதா? அப்போதுதான் உண்மையிலேயே கம்பைலர் பழசு. புது டிலிப்பை 4.8.5-இல் போட்டால் இங்கேதான் மாட்டும்.

இதற்காக இருக்கும் ஜிசிசி-யைத் தூக்கிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்காதீர்கள். சர்வரில் என்விடியா டிரைவர் இருந்தால், கர்னலைக் கட்டிய கம்பைலரும் நீங்கள் வைத்ததும் வேறு என்று அடுத்த முறை டிரைவர் போடும்போது தகராறு வரும். பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், புதியதைப் பக்கத்தில் வையுங்கள். சென்ட்ஓஎஸ்ஸில் அதற்கென்றே ஜிசிசி 11 அடங்கிய 'டெவ்டூல்செட்-11' இருக்கிறது.

அதை இறக்குவதற்குள் ஒரு முட்டுக்கட்டை. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது, பேக்கேஜ்கள் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் பழைய மிரர்லிஸ்ட் முகவரியும் போய்விட்டது. சென்ட்ஓஎஸ்ஸில் பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை யம். அதற்குரிய 'யம்.ரெப்போஸ்.டி' ஃபோல்டரில் உள்ள கோப்புகளில் 'மிரர்லிஸ்ட்' வரிகளுக்கு முன் ஹேஷ் போடுங்கள். 'பேஸ்யூஆர்எல்' வரிகளின் ஹேஷை எடுத்துவிட்டு, 'மிரர்' என்று தொடங்கும் சர்வர் பெயரை 'வால்ட்' (பழைய பதிப்புகளின் கிடங்கு) என்று மாற்றுங்கள். பிறகு யம் வழியாக 'சென்ட்ஓஎஸ்-ரிலீஸ்-எஸ்சிஎல்' போடுங்கள். அது தன் பங்குக்குப் புது ரெப்போ கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கும். அவற்றிலும் அதே பழைய முகவரிதான்! அங்கேயும் அதே திருத்தத்தைச் செய்த பிறகுதான் டெவ்டூல்செட் இறங்கும். பலர் விட்டுவிடும் இடம் இது.

இப்போது 'எஸ்சிஎல் எனேபிள் டெவ்டூல்செட்-11 பேஷ்' என்று கொடுத்தால் ஒரு புது ஷெல் திறக்கும். 'ஜிசிசி --வெர்ஷன்' கேட்டுப் பாருங்கள், 11 என்று வர வேண்டும். 'எக்ஸிட்' கொடுத்தால் பழையபடி 4.8.5. அந்தப் புது ஷெல்லிலேயே வென்வ்வை ஆக்டிவேட் செய்து, முதலில் 'பிப் இன்ஸ்டால் சிமேக்'. டிலிப்பின் கம்பைல் வேலையை நடத்துவது சிமேக்தான்; யம் தரும் சிமேக் 2.8.12, புது டிலிப்புக்கு அது ஆகாது. அடுத்து டிலிப், '-வி' சேர்த்து, என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியட்டும். முன்பு சோர்ஸ் ஃபோல்டரில் வைத்து முயன்றிருந்தால் அதன் 'பில்ட்' ஃபோல்டரை அழித்துவிடுங்கள். சிமேக் பழைய கம்பைலரின் பாதையை அதில் எழுதிவைத்திருக்கும்.

டிலிப் கம்பைல் ஆக நேரமெடுக்கும். நாலரை மணிக்கு ஆரம்பித்துவிட்டு, ஆவடி பஸ் கிளம்புகிறதென்று லேப்டாப்பை மூடிவிட்டு ஓடுவார்கள். சர்வரோடு இருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்து எல்லாம் போச்சு. இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் 'டிமக்ஸ்' ஒன்றை முதலில் திறந்து, அதற்குள் இதையெல்லாம் செய்யுங்கள்.

உபுண்டு 20.04-இல் வேலை சுலபம். அதோடு வரும் ஜிசிசி 9 பத்தாத பேக்கேஜுக்கு ஆப்ட் மூலம் 'ஜிசிசி-10', 'ஜி++-10' இரண்டையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் சி++ பக்கம் தொங்கும். பிப் கட்டளைக்கு முன்னால் 'சிசி', 'சிஎக்ஸ்எக்ஸ்' இரண்டு மாறிகளிலும் அந்தப் பெயர்களைக் கொடுத்தால் போதும். சூடோ (அட்மின் உரிமை) இல்லாதவர்கள் ஹோம் ஃபோல்டரில் மினிஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் மேனேஜரைப் போட்டு, காண்டா-ஃபோர்ஜ் என்ற களஞ்சியத்திலிருந்து டிலிப்பைத் தயாராகவே எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எரரில் 'ஜிலிப்சி 2.28 இல்லை' என்று வந்தால் மட்டும் மேலே சொன்ன கம்பைலர் வித்தை எதுவும் உதவாது. ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா ப்ரோகிராமும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி; சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 18-ஐ அப்படியே இறக்கி ஓட்டினால் இதுதான் வரும். ஜிலிப்சி-யைக் கையால் மாற்றப் போனால் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கூட ஓடாது, என்னையும் சேர்த்து யாரும் லாகின் செய்ய முடியாது. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸ் 8-க்குப் போனால் ஜிலிப்சி 2.28, ஜிசிசி 8.5 இரண்டும் கூடவே வரும். எங்கள் சர்வரில் ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் சென்ட்ஓஎஸ் 7-ஐக் கட்டிப்போட்டிருக்கிறது; அதனால் நோட் 18 கேட்பவர்களைப் பக்கத்து லேபின் உபுண்டு மெஷினுக்கு அனுப்பிவிடுகிறேன்.