பாடத்திட்டத்தை வேலைச் சந்தைக்கேற்ப மாற்றும்போது கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழகத்தின் தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு கூடும்போது, வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் தவறாமல் வந்து சேரும். வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனங்கள் கேட்ட மென்பொருள்களின் பெயர்கள் அதில் இருக்கும். அந்தப் பெயர்களைத் தாள்களின் தலைப்புகளாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தப் பட்டியல் குழுவின் ஒப்புதலையும் கல்விப் பேரவையின் ஒப்புதலையும் பெற்று முதலாண்டு மாணவரிடம் சேருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். அவர் பட்டம் பெற்று வெளியே வர மேலும் மூன்று ஆண்டுகள், பொறியியல் என்றால் நான்கு ஆண்டுகள். ஒரு காலத்தில் மல்டிமீடியா வகுப்புகளில் கோலோச்சிய ஃபிளாஷ் படைப்புகளை இயக்கும் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திக்கொண்டது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று மட்டும் கற்றவருக்கு அன்றோடு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அசைவும் காட்சியமைப்பும் இயங்கும் விதத்தைக் கற்றவர் அடுத்த கருவிக்கு மாறிக்கொண்டார்.

வணிகவியல் துறை இதை இரண்டு முறை பட்டறிந்திருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, மதிப்புக் கூட்டு வரியையும் சேவை வரியையும் தேர்வுக்காக உருப்போட்டிருந்த மாணவர்கள் திகைத்து நின்றார்கள். இப்போது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விலகி, 2025ஆம் ஆண்டின் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டையும் போய் ‘வரி ஆண்டு’ வந்துவிட்டது. எது வருமானம், எதைக் கழிக்கலாம் என்று பகுத்துப் பார்க்கப் பழகியவர் புதிய எண்களைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்.

இவற்றையெல்லாம்விட ஆழமான தவறு, பாடத்திட்டத்தை மாற்றிவிட்டு வினாத்தாளை அப்படியே விட்டுவிடுவது. பாடத்திட்டத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் பார்ப்பதில்லை, கடந்த ஐந்து செமஸ்டர் வினாத்தாள்களைத்தான் புரட்டுகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ‘ஜிஎஸ்டியின் நன்மைகளை விவரிக்க’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கும் வரை, தாளின் பெயருக்கு முன்னால் ‘நடைமுறை’ என்ற சொல்லைச் சேர்ப்பதில் ஒரு பயனும் இல்லை. அதே பத்து மதிப்பெண்ணுக்கு வேறொரு வினாவைப் பாருங்கள்: மதுரையில் குழாய்க் கடை வைத்திருப்பவர் பெங்களூருவிலிருந்து ரூ.1,00,000 மதிப்புள்ள சரக்கை 18 விழுக்காடு ஐஜிஎஸ்டியோடு (மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஜிஎஸ்டி) வாங்கி, உள்ளூரிலேயே வரி நீங்கலாக ரூ.1,20,000க்கு விற்கிறார்; அவர் ரொக்கமாகச் செலுத்த வேண்டிய வரி எவ்வளவு? விற்பனை மீது மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் சேர்ந்து அதே 18 விழுக்காட்டில் ரூ.21,600, வாங்கும்போது கட்டிய வரிக்கான உள்ளீட்டு வரி வரவு ரூ.18,000, மீதி ரூ.3,600. இத்தோடு நிறுத்தாமல், பெங்களூரு வணிகர் அந்த விலைப்பட்டியலைத் தாக்கல் செய்யவில்லை, கடைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது இடம்பெறவில்லை என்று ஒரு வரியைச் சேர்த்தால், ரூ.18,000ஐ இந்த மாதம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மாணவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் பையனிடம் எதிர்பார்ப்பது இந்தக் கண்ணைத்தான். இத்தகைய வினாக்களை எழுதவும் திருத்தவும் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. பல துறைகள் பின்வாங்குவதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

யாரைச் ‘சந்தை’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதிலும் கோளாறு இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இடம்பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவள அலுவலர் அமர்ந்திருப்பார். பட்டதாரிகளில் கணிசமானோர் வேலைக்குச் செல்லும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் ஆர்டர்களை ஒருங்கிணைக்கும் மெர்ச்சண்டைசரையோ, கோவை பம்ப்செட் ஆலையின் உற்பத்தி மேலாளரையோ யாரும் அழைப்பதில்லை. இன்றைய சம்பளத்தைப் பார்த்து ஒரே பிரிவில் இருக்கைகளைக் கூட்டுவது இதன் நீட்சிதான். சம்பளம் உயர்ந்திருக்கும்போது கூட்டமாகச் சேர்பவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, சம்பளத்தைத் தாங்களே தாழ்த்திவிடுகிறார்கள் என்பதை அமெரிக்கப் பொறியாளர்களை வைத்துப் பொருளியலாளர் ரிச்சர்டு ஃப்ரீமன் 1970களிலேயே விளக்கிவிட்டார்.

திறன் வேறு, பாடம் வேறு என்று பிரித்துவிடுவது அடுத்தது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களின் வகுப்புகள் நடக்கும்போது, அது வெளியிலிருந்து வந்தவரின் வேலை என்று துறை ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொண்டால், அங்கே கற்றதும் வகுப்பில் கற்றதும் ஒன்றையொன்று தொடாமலே போய்விடும்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாமா கடையின் முத்திரை வைத்த கடிதங்கள் எல்லாத் துறை அலமாரிகளிலும் இருக்கின்றன. உதவித்தொகையோடு ஓராண்டு பணியிடத்திலேயே பயிலும் தொழில்பழகுநர் பயிற்சிக்கு, 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தில் 1973இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளுக்கும், 2014இல் செய்த திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் வழி திறந்துவிட்டிருக்கின்றன; இதைக் கவனிக்கும் தென்மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னையிலேயே இயங்குகிறது. இறுதியாண்டு வகுப்பில் இதை எடுத்துச் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

கடைசியாக, முன்னாள் மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கிடம் காட்டுவதற்காக, ‘பாடத்திட்டம் எப்படி இருந்தது’ என்று கேட்டு ஐந்துக்கு நான்கு வாங்கிக் கோப்பில் சேர்ப்பதால் குழுவுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. படித்து முடித்து மூன்று ஆண்டுகளான பத்துப் பேரைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் எந்த வேலையை மேலாளர் திருப்பிக் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று கேட்டு, அந்தப் பதில்களைப் பாடத்திட்டக் குழுவின் மேசையில் வைக்கலாம்.