டப்ளினில் பழைய ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? அசோசியேஷன் கணக்கை முதலில் கேளுங்கள்

அயர்லாந்துக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலைகளை உங்கள் கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ சொல்லிவிடுவார்கள். வரிக்கும் அரசு சேவைக்கும் வேண்டிய பிபிஎஸ் எண், வங்கிக் கணக்கு, குடியேற்ற அனுமதிக்கான ஐஆர்பி அட்டை, அவ்வளவுதான். வாடகை வீட்டுக்கு ஒரு மாத முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், 2021இலிருந்து சட்டமே அப்படித்தான். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். சரி, நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

இரண்டு மூன்று வருடம் வாடகை கொடுத்ததும் எல்லாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடும்: "இந்த வாடகைக்கு வீட்டுக்கடனே கட்டிவிடலாமே." முதல் வீடு வாங்குபவருக்கு வருமானத்தின் நான்கு மடங்கு வரை கடன் கிடைக்கும், விலையில் பத்து சதவீதம் கையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் டப்ளின் புறநகரான லூக்கனில் தனி வீடு எட்டாது. அப்போது கண்ணில் படுவது 2005, 2006 வாக்கில் கட்டிய இரண்டு படுக்கையறை ஃபிளாட். பக்கத்தில் லுவாஸ் டிராம் நிறுத்தம், விலையும் புது ஃபிளாட்டை விடக் குறைவு. என் நண்பன் மாட்டியது இங்கேதான்.

அந்த வருடங்களில் இங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த ஃபிளாட்டை வாங்கக் கூடாது. 2006இல் இந்தச் சின்ன நாடு ஒரே வருடத்தில் ஏறத்தாழ 90,000 வீடுகள் கட்டியது. 2007இல் விலை உச்சத்தைத் தொட்டது, பிறகு சரிந்தது. 2008 செப்டம்பரில் பெரிய வங்கிகளில் இருந்த டெபாசிட்டுக்கும் அவை வாங்கியிருந்த பெரும்பாலான கடனுக்கும் அரசே உத்தரவாதம் கொடுத்தது. 2010 நவம்பரில் அந்த அரசே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐஎம்எஃபிடமும் கையேந்த வேண்டியதாயிற்று. 2013 தொடக்கத்தில் வீட்டு விலை உச்சத்தில் பாதிக்கும் கீழே. அந்த வருடம் கட்டி முடித்த வீடுகள் 5,000கூட இல்லை. கட்டுநர்கள் திவாலானார்கள், கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஆடம்ஸ்டவுனில் 2007இலேயே ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள். ஆனால் அதைச் சுற்றி வர வேண்டிய ஊர் வருடக்கணக்கில் பாதியில் நின்றது.

சராசரி விலை பழைய உச்சத்தைத் தாண்ட 2022 ஆகிவிட்டது. பதினைந்து வருடம்! விலை திரும்பிவிட்டது, கட்டும் திறன் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதனால்தான் வீடு பார்க்கப் போனால் வாசலில் வரிசை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2006இல் உச்ச விலைக்கு வாங்கியவர்களில் பலருக்கு, வீட்டின் மதிப்பை விடக் கடன் பெரிதாக இருந்ததால் வருடக்கணக்கில் விற்க முடியவில்லை. விலை ஏறியதும் அவர்கள் விற்கிறார்கள், அவசரத்தில் இருக்கும் நாம் வாங்குகிறோம்.

அந்த ஃபிளாட்டுகளில் என்ன குறை? 2014க்கு முன் இங்கே கட்டட ஆய்வு மிகவும் பலவீனம். பெரும்பாலும் கட்டுநரின் ஆளே பார்த்து "விதிப்படி இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். 2011இல் டப்ளினில் பிரையரி ஹால் குடியிருப்பைத் தீ ஆபத்து காரணமாக மொத்தமாகக் காலி செய்ய வைத்தார்கள். 2022இல் அரசு அமைத்த குழு ஒரு மதிப்பீடு கொடுத்தது: 1991க்கும் 2013க்கும் இடையில் கட்டிய ஃபிளாட்டுகளில் 62,500 முதல் 1,00,000 வரை குறையுள்ளவை, சரிசெய்ய ஒன்றுக்குச் சராசரியாக 25,000 யூரோ ஆகலாம். தண்ணீர்க் கசிவு, கட்டமைப்புக் கோளாறு எல்லாம் உண்டு என்றாலும் முக்கியமானது தீ. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குழாய் போகும் இடத்தில் துளையைத் தீ தடுக்கும் பொருளால் அடைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டு மேலே பலகை அடித்துப் பெயின்ட் பூசிவிட்டார்கள்.

நண்பன் கும்பகோணத்துக்காரன். வாங்கும் முன் அவன் அப்பா போனில் கேட்டது நாம் எல்லாரும் கேட்பதுதான்: "மூலப் பத்திரம் பார்த்தியா? வில்லங்கம் எடுத்தியா? யூடிஎஸ் எவ்வளவுப்பா?" அவர் கேள்விகளில் தப்பே இல்லை, நம் ஊரில் ஆபத்து பத்திரத்தில் இருக்கிறது. இங்கே பத்திரத்தை உங்கள் வக்கீலான சொலிசிட்டர் பார்த்துவிடுவார், யூடிஎஸ் என்று நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு தரும் ஏற்பாடே கிடையாது. கட்டடத்தின் பொதுப் பகுதி, நம் ஊர் அசோசியேஷன் போன்ற ஒரு மேனேஜ்மெண்ட் கம்பெனியின் பெயரில் இருக்கும், ஃபிளாட் வாங்கியதும் நீங்கள் அதில் உறுப்பினர். அதன் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு. கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் வந்து பார்த்து "நன்றாக இருக்கிறது" என்றார். உண்மைதான், சுவரைப் பிரித்துப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லையே. சாவி வாங்கிச் சில மாதங்களில் கடிதம் வந்தது: தீ பாதுகாப்பு வேலைக்காக ஒவ்வொரு வீடும் சிறப்பு லெவி, அதாவது வழக்கமான ஃபீக்கு மேல் தனிப் பணம், கட்ட வேண்டும். ஐந்திலக்கத் தொகை. மகளின் பள்ளிக்கும் ஊரில் அம்மாவின் வைத்தியத்துக்கும் வைத்திருந்த பணம் அதில் போயிற்று. விற்றவருக்கு அது வரப் போவது முன்பே தெரியும், அதற்கு முந்தைய வருடப் பொதுக்கூட்டக் குறிப்பிலேயே இருந்தது. அந்தக் குறிப்பை யாரும் கேட்டு வாங்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். கடைசி மூன்று வருடப் பொதுக்கூட்டக் குறிப்புகள், தணிக்கை செய்த கணக்கு, தீ பாதுகாப்பு ஆய்வறிக்கை இருந்தால் அது. பிறகு சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பெரிய பழுதுக்கென்று சேர்க்க வேண்டிய பணம் அது. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிதி இருந்தாக வேண்டும். நூறு வீடு உள்ள கட்டடத்தில் நிதி கிட்டத்தட்ட காலி என்றால், அடுத்த லிஃப்ட் பழுதுக்கே உங்களிடம் வருவார்கள். மேனேஜ்மெண்ட் ஃபீ குறைவு என்று முகவர் பெருமையாகச் சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். லெவி பற்றிப் பேச்சு நடக்கிறதா, கட்டடக் காப்பீட்டின் நிபந்தனை சமீபத்தில் மாறியதா என்றும் கேளுங்கள். அப்புறம், வரும் லெவியை விற்பவரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத முடியுமா என்று சொலிசிட்டரைக் கேளுங்கள்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகும், முகவர் அவசரப்படுத்துவார். அசையாதீர்கள். நம் ஊர் டோக்கன் அட்வான்ஸ் போல, கொடுத்த வாக்கை மீறக் கூடாதே என்று தயங்க வேண்டாம். விலை பேசி முடிந்தது என்று "சேல் அக்ரீட்" பலகை மாட்டிய பிறகும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வரை, புக்கிங் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரலாம். விற்பவரும் அதே போல விலகலாம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புது வீடு என்றால் 5,00,000 யூரோ விலை வரை 'ஹெல்ப் டு பை' உதவி உண்டு, அதிகபட்சம் 30,000. ஆனால் முந்தைய நான்கு வருடத்தில் நீங்கள் இங்கே கட்டிய வருமான வரிக்குள்தான் அது வரும். போன வருடம் வந்தவருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், ஓரிரு வருடம் பொறுத்தால் கூடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: குறையுள்ள கட்டடங்களைச் சரிசெய்ய உதவுவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது, முன்பே செலவழித்தவர்களையும் சேர்த்து. அவசரத் தீ பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான இடைக்காலத் திட்டம் அந்த டிசம்பரில் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது மேனேஜ்மெண்ட் கம்பெனி, தனித்தனி ஃபிளாட் உரிமையாளர் அல்ல. அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கட்டாயம் போய், விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். லெவி கட்டிய ரசீதுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.