மேடு பள்ளத்தில் பள்ளி அணி: முதல் முறை கிராஸ் கன்ட்ரி ஓடுபவர்களுக்கு

எங்கள் பையன்கள் முதல் முறை கிராஸ் கன்ட்ரி (டிராக்கில் இல்லாமல் புல், மண், மேடு பள்ளத்தில் ஓடும் நீண்ட தூர ஓட்டம்) ஓடியபோது 3, 7, 9, 14 ஆகிய இடங்களில் வந்தார்கள். கோப்பை வேறு பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளியிலிருந்து ஒருவன்கூட முதல் ஏழு இடத்துக்குள் இல்லை. நாங்கள் கைதட்டிவிட்டு, எங்கே தவறு நடந்தது என்று தெரியாமல் வேனில் ஏறினோம்.

நான் பி.டி. மாஸ்டர் இல்லை. பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்து எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட வைக்கிறேன், அவ்வளவுதான். விடியற்காலையில் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைப் பக்கம் கூடுவோம். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட அதே சிலைதான். அந்தத் தோல்விக்கு அப்புறம் நான் கற்றுக்கொண்டதை, முதல் முறையாக ஒரு அணியைத் தயார் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் கூட்டல் கணக்கு

ஏழு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை உள்ள அணி ஜெயிக்கும். எங்கள் ஐந்தாவது பையன் 31ஆவதாக வந்தான். 3+7+9+14+31, மொத்தம் 64. ஜெயித்த பள்ளி 8, 10, 12, 13, 16. மொத்தம் 59.

எங்கள் ஐந்தாவது பையன் இன்னும் ஆறே பேரைத் தாண்டி 25ஆவதாக வந்திருந்தால் 58. கோப்பை எங்களுக்கு. மூன்றாவதாக வந்தவன் உயிரைக் கொடுத்து முதலாவதாக வந்திருந்தால்கூட இரண்டு புள்ளிதான் குறைந்திருக்கும். அதனால் அணியின் நட்சத்திரத்தின் மேல் வைத்திருக்கும் கண்ணைக் கொஞ்சம் திருப்பி, நான்காவது, ஐந்தாவது ஆளைப் பாருங்கள். ஆறாவதும் ஏழாவதும் சும்மா ஓடுவதில்லை. அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவனுடைய இடம் அந்த அளவுக்குப் பின்னால் போகும்.

எல்லாப் போட்டியிலும் இதே கணக்கு இல்லை. உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஆறு பேர் ஓடி நான்கு பேரைத்தான் கூட்டுகிறார்கள். உங்கள் போட்டியின் விதித்தாளை வாங்கி, எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் படித்துவிடுங்கள்.

2. யார் யாரைச் சேர்ப்பது

ஸ்போர்ட்ஸ் டே 100 மீட்டரில் கப் வாங்கியவனை உடனே சேர்க்காதீர்கள். எல்லாரையும் 2 கிலோமீட்டர் ஓட விட்டு, கடைசி 500 மீட்டரில் வேகம் குறையாதவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். வேகமாக வளரும் வயதில் இது சகஜம். அந்தப் பிள்ளைக்கு மேடும் இறக்கமும் வேண்டாம். ஓய்வு கொடுத்தும் வலி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

3. மேடு தேடுவது

நாங்கள் செய்த முதல் தப்பு இங்கேதான். இரண்டு மாதம் சமதளமான கிரவுண்டையே சுற்றிச் சுற்றி ஓட வைத்துவிட்டு, மேடு உள்ள பாதையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உங்களுக்கு வேண்டியது 80 முதல் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு சரிவு. எவ்வளவு செங்குத்து? கண்ணால் அளக்க ஒரு வழி உண்டு. வீட்டின் ஒரு மாடி ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். 100 மீட்டர் போவதற்குள் இரண்டு மாடி உயரம் ஏறினால் அது 6 சதவீதச் சரிவு. பழகுவதற்கு அது போதும்.

நாங்கள் போவது லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறை மேட்டுக்கு. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது என்று புவியியல்காரர்கள் சொல்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே நாலு கேள்வி வரும், அதற்குள் எனக்கு மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். பாறையில் ஏற மட்டும் செய்யுங்கள், அதுவும் காய்ந்திருக்கும்போது. மழை பெய்த மறுநாள் அது எண்ணெய் தடவிய தோசைக்கல். இறங்கும் பயிற்சிக்குப் புல் அல்லது மண் சரிவு தேடுங்கள். ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது. கூட்டமாகப் பயிற்சி நடத்தும் முன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அதனால் வேனோ ஆட்டோவோ முன்பே பேசி வையுங்கள்.

4. ஏறுவது

தலையில் தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். முதுகு நிமிர்ந்திருக்கும், எட்டு சிறிதாக இருக்கும், அவசரம் இருக்காது. ஆனால் கால் நிற்காது. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதை மட்டும்தான். "தலையில குடம் இருக்கு, சிந்தக்கூடாது."

புதிதாக ஓடுபவன் மேட்டைக் கண்டதும் இரண்டு காரியம் செய்வான். இடுப்பை மடித்துக் குனிவான், எட்டை நீட்டி வைப்பான். குனிந்தால் வயிறும் நெஞ்சும் அமுங்கி மூச்சு இழுக்க முடியாது. நீட்டி வைத்தால் ஒவ்வொரு எட்டும் ஒரு படிக்கட்டு ஏறுவது மாதிரி ஆகித் தொடை எரியும். சரியான சாய்வு கணுக்காலிலிருந்து வரவேண்டும். பார்வை பத்தடி முன்னால் தரையில். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே வீசாமல் முன்னும் பின்னும் வீசச் சொல்லுங்கள்.

வேகம் குறையும், குறையட்டும். மாறாமல் இருக்க வேண்டியது உழைப்பு. சமதளத்தில் எந்த அளவுக்கு மூச்சு வாங்கியதோ ஏறக்குறைய அதே அளவுதான் மேட்டிலும் வாங்க வேண்டும். பாதியிலேயே வாய் பிளந்துவிட்டால் அடியிலேயே வேகமாகப் போய்விட்டான் என்று அர்த்தம்.

தொடக்கத்தில் ஆறு முறை ஏறுவது போதும். கீழே நடந்து வரட்டும். இரண்டு வாரம் கழித்து எட்டு முறை, அப்புறம் பத்து.

5. உச்சிக்கு அப்புறம் முப்பது காலடி

எங்கள் ஐந்தாவது பையன் மேட்டு அடிவாரத்தில் ஏறக்குறைய நான்காவது ஆளின் தோளோடு தோளாகத்தான் இருந்தான். ஏறியதும் அப்படித்தான். உச்சியில் "அப்பாடா" என்று விட்டான். நின்றுவிடவில்லை. தோள் தளர்ந்தது, எட்டு தொய்ந்தது, பத்து விநாடி அப்படியே மிதந்தான். அதற்குள் ஐந்தாறு பேர் போய்விட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போது அது புரியவில்லை.

மேடு முடியும் இடத்தில் எல்லாருக்கும் இந்தத் தளர்ச்சி வரும். அதனால் மற்றவர்களைத் தாண்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. பயிற்சி மிக எளிது. உச்சியிலிருந்து முப்பது காலடி தள்ளி ஒரு ஜோடி செருப்பைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டம் முடிவது உச்சியில் இல்லை, செருப்பில்தான்.

முதல் நாள் ஒரு பெண், "மாஸ்டர், ஏறியாச்சே, இன்னும் எதுக்கு?" என்றாள்.

"செருப்புகிட்டதான் கண்ணு மேடு முடியுது" என்றேன். முறைத்தாள். மூன்றாவது வாரத்தில் என்னைக் கேட்காமலே செருப்பை இன்னும் பத்தடி தள்ளிப் போட்டவள் அவள்தான்.

உச்சியைத் தொட்டதும் செய்ய வேண்டியது: ஒரு நீளமான மூச்சை வெளியே விடுவது, கை வீச்சைக் கூட்டுவது, எட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. பாய வேண்டாம்.

6. இறங்குவது

"இறக்கம்தானே, தானா போகும்" என்று எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள். மிதமான இறக்கத்தில் ஓட சமதளத்தைவிடக் குறைந்த சக்தி போதும் என்பது நிஜம். ஆனால் பயந்தவன் குதிகாலை ஊன்றி பிரேக் போட்டுக்கொண்டே இறங்குவான். கிடைத்த லாபம் முழுவதும் அதில் போய்விடும். ரொம்பச் செங்குத்தான இறக்கத்தில் யாராக இருந்தாலும் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும்.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இந்த வேலைக்குப் பழகாத தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்கு வராது, மறுநாள் வரும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை இப்படி வலித்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. ஆகவே இந்த முதல் வலியைப் போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி பத்து நாளில் இறக்கப் பயிற்சியே கூடாது.

செய்முறை இதுதான். புல் சரிவில் நான்கு முறை, முக்கால் வேகத்தில். உடம்பு பின்னால் சாயக்கூடாது, சரிவோடு சேர்ந்து லேசாக முன்னால் வரவேண்டும். எட்டு குட்டையாகவும் வேகமாகவும் இருக்கட்டும், கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். கைகள் கொஞ்சம் அகலமாக விரிந்தால் விரியட்டும், சமநிலைக்கு உதவும். அழகாக இருக்காது, பரவாயில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் 2019இல் நடந்த உலகப் போட்டியில் ஓட்டப் பாதையை ஓர் அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சாய்வுக் கூரை மேலேயே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஏறி, திரும்பக் கீழே வரவேண்டும். கிடைத்தால் அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஜாம்பவான்களின் கைகளும் எப்படி அலைகின்றன என்று பார்க்கட்டும்.

7. எட்டு வாரம்

வாரம் நான்கு நாள் போதும். ஞாயிறு மேடு. செவ்வாய் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். வியாழன் பார்ட்லெக். வெள்ளி 40 நிமிஷம் மெதுவாக. சனி முழு ஓய்வு.

பார்ட்லெக் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் வேக விளையாட்டு. பின்லாந்து ஓட்டக்காரர்களிடம் தோற்றுக்கொண்டே இருந்த தன் நாட்டு கிராஸ் கன்ட்ரி அணிக்காக, கோஸ்டா ஹோல்மர் என்ற பயிற்சியாளர் 1930களில் உருவாக்கியது. நாங்கள் அதை ஏரிக்கரையில் விளக்குக் கம்பங்களை வைத்து விளையாடுகிறோம். இரண்டு கம்பம் வேகம், ஒரு கம்பம் மெதுவாக. எத்தனை கம்பம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை முடிவு செய்யும். ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கு அந்த அதிகாரம் அடிக்கடி கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் மேடே வேண்டாம். மூன்றாவது வாரம் ஏற்றம், நான்காவது வாரத்திலிருந்து இறக்கம். ஏழாவது வாரம் ஏற்றம் மட்டும். எட்டாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். இங்கே காலையில் குளிராக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, கேட்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள்.

8. பாதையை நடந்து பார்ப்பது

முந்தின நாள், முடியாவிட்டால் போட்டியன்று காலையில், ஏழு பேரும் சேர்ந்து முழுப் பாதையையும் நடக்க வேண்டும். கையில் ஒரு காகிதம். பாதை எங்கே குறுகுகிறது, எங்கே சேறு, எந்தப் பக்கம் வேர் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு மேட்டின் உச்சிக்கும் அடையாளம் என்ன என்று குறியுங்கள். சில இடத்தில் உச்சி மாதிரி தெரியும், திரும்பினால் இன்னொரு மேடு இருக்கும். அந்த ஏமாற்றத்தை நடக்கும்போதே பட்டுவிடுவது நல்லது.

9. ஓட்டத்தன்று

இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு இரண்டோ மூன்றோ இட்லி, ஒரு ஏலக்கி வாழைப்பழம். சட்னியும் வடையும் அப்புறம். ஒரு பெற்றோர் அன்போடு சௌசௌ பாத் (உப்புமாவும் கேசரியும் சேர்ந்தது) பொட்டலம் கொண்டுவருவார். நன்றி சொல்லி வாங்கி ஒளித்து வையுங்கள், ஓட்டம் முடிந்ததும் கொடுக்கலாம். ஷூ நாடா இரட்டை முடிச்சு. புது ஷூ கூடவே கூடாது. செஸ்ட் நம்பருக்கு நான்கு மூலையிலும் ஊக்கு, கையிருப்பில் இன்னும் பத்து.

தொடக்கத்தில் எல்லாரும் பாய்வார்கள். பாதை குறுகும் இடத்துக்கு முன் நடுக்கூட்டத்துக்குள் இருந்தால் போதும், முதலில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்கள் முதல் மேட்டின் உச்சி வரை ஒன்றாக ஓடட்டும். அங்கே யாராவது ஒருவர் "செருப்பு!" என்று கத்த வேண்டும். பக்கத்து அணிக்கு ஒன்றும் புரியாது, உங்கள் ஆட்களுக்கு உடனே கை வீச்சு கூடும். மேட்டு உச்சியில் நீங்களே நின்று கத்தலாம், ஆனால் கூட ஓடக்கூடாது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அங்கேயே விழுந்துவிடாமல், கயிறு கட்டிய வழியில் வந்த வரிசையிலேயே நடந்து வெளியே வரச் சொல்லுங்கள். அந்த வரிசையில்தான் இடம் எழுதுவார்கள். அப்புறம் பத்து நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளியில் அவர்கள் மாடிப்படி இறங்குவதை யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கும் பிள்ளையின் பெயரை நோட்டில் எழுதுங்கள். அடுத்த சீசனில் அந்தப் பிள்ளைக்கு இறக்கப் பயிற்சியை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.