வெளிச்சவீட்டுச் சுவரில் சீமெந்தை உரித்துச் சுண்ணாம்பு பூசும் முறை

திருகோணமலைக் கடலுக்கு வழிகாட்ட எழுந்த ஃபவுல் பொயின்ட், ரவுண்ட் தீவு வெளிச்சவீடுகள் இரண்டும் 1860களைச் சேர்ந்தவை. அந்தக் காலத்துக் கட்டு சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. அதில் வெடிப்புக் கண்டதும் சீமெந்தைக் குழைத்து அப்பிவிடுகிறார்கள். கேடு அங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் உப்பீரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தேங்கி, உப்பு பளிங்காக விளைந்து, கல்லின் முகத்தை உள்ளிருந்தே தள்ளும். பழைய சீமெந்து ஒட்டு ஒன்றைக் கிளப்பிப் பாருங்கள். பின்னால் வெள்ளைத்தூள் பூத்திருக்கும். செங்கல் நகம் பட்டாலே உதிரும். சீமெந்து மட்டும் இரும்பாக நிற்கும்.

அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை உளியைத் தொடவேண்டாம். துறைமுக அதிகாரசபை, கடற்படை, தொல்லியல் திணைக்களம் மூன்றிடமும் கேளுங்கள்.

பூச்சு வேலைக்கு உகந்த காலம் மாசி முதல் சித்திரை வரை. வாடை மழையில் சாந்து இறுகாது. வைகாசிக்குப் பின் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடித்தால் ஒரு பகலிலேயே ஈரம் வற்றி மயிர்வெடிப்பு விழும். சுண்ணாம்பை மட்டும் கார்த்திகையிலேயே நீற்றிவிடுங்கள். மூன்று மாதமாவது தண்ணீருக்குள் கிடக்கவேண்டும். கற்சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 3 லீற்றர். தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும், கண்ணாடி கட்டாயம். தொலமைட் சுண்ணாம்பு வேண்டாம்: அதிலுள்ள மக்னீசியம் மெதுவாக நீறி, பூச்சு காய்ந்தபின் அங்கங்கே பொட்டுப்பொட்டாக வெடிக்கும். முன்னோர் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சுட்டார்கள். இன்று முருகைக்கல் எடுப்பது குற்றம்.

எதையும் உரிக்கும் முன் சுவரை நாலு பக்கமும் படம் எடுத்து அளந்து வையுங்கள். பழைய வெள்ளைப்பூச்சில் ஒரு கையகலத்தைக் கூரிய பிளேடால் சாய்வாகச் சீவினால் அடுக்கடுக்காகப் பூச்சு தெரியும். எத்தனை தடவை பூசினார்கள், எந்த நிறம், எந்த அடுக்கில் சீமெந்து புகுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் துண்டைப் பூசாமல் அப்படியே விட்டுவையுங்கள். பழைய சாந்தை அமிலத்தில் கரைத்து எஞ்சிய மணலைக் கொண்டு சுண்ணாம்பும் மணலும் கலந்த அளவைக் காண்பார்கள். மணலோடு சிப்பித்தூள் இருந்தால் அதுவும் கரைந்துபோகும், கணக்குத் தவறும்.

மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்ற சத்தம் கேட்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். அங்கே மட்டும் கைஉளியால் உரிக்கவேண்டும். மின்உளி நல்ல கல்லையும் அதிரவைக்கும். கற்களுக்கு இடையிலான சாந்து மூட்டுகளை 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டித் துலக்குங்கள்.

அடுத்தது உப்பு. அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீணாவது இந்த இடத்தில்தான். ஊறிய காகிதக் கூழை 15 மில்லிமீற்றர் தடிப்பில் சுவரில் அப்பி, முழுதாய்க் காயவிட்டு உரித்தெடுங்கள். உப்பு கூழோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறையாவது செய்யவேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர், அதை இதற்கும் சாந்துக்கும் தொடவேண்டாம். மழைநீர் சேர்த்துவைத்தால் நல்லது.

சாந்துக்கு நீற்றின சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு, மெல்லச் சுட்ட செங்கல்லின் தூள் அரைப் பங்கு. மகாவலி மணல் என்றாலும் கொட்டியாரக் குடாவில் கலக்கும் முகத்துவாரத்து மணல் ஆகாது. மேலே, உப்பு ஏறாத இடத்து மணலாக இருக்கட்டும். குழைக்கும்போது தண்ணீர் ஊற்ற ஆசை வரும். ஊற்றாமல் இடித்துப் பிசைந்தால் தானாக இளகும்.

சுவரை நனைத்துவிட்டு, ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசுங்கள். கட்டைவிரல் நகம் பதியாத அளவு இறுகியபின்தான் அடுத்தது. ஒவ்வொரு பூச்சையும் நனைத்த சாக்கால் மூடி ஒரு வாரம் ஈரம் காக்கவேண்டும்.

மேல்மாடத்துக் கைப்பிடியின் இரும்பு கல்லுக்குள் புதைந்த இடங்களை விடாமல் பாருங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். அந்த முனையை வெட்டி, கடலுப்பைத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கை இணையுங்கள்; இரு உலோகமும் நேரே தொடாதபடி இடையில் நைலோன் வளையம் வையுங்கள்.

கடைசியாக வெள்ளை: பால்பதத்தில் கரைத்த சுண்ணாம்பை மெல்லிதாக ஐந்து தரம். எமல்ஷன் பெயின்ட் ஒருதரம் அடித்தாலும் சீமெந்து அடைத்ததுபோல அடைத்துவிடும். வாடை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் கடல்முகத்தில் ஒரு தரம் மேலதிகமாகப் பூசுங்கள்.