விசையை அழுத்திப் பிடிக்கும் புரோகிராம்: அடிக்கடி வரும் பிழைகள்

உப்புவெளித் தம்பி ஒருவர் தான் செய்த படகு விளையாட்டைக் கொண்டுவந்து காட்டினார். திருமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் போய்ச் சேர வேண்டும். மேல் அம்பு விசையைப் பிடித்திருந்தால் படகு ஓடும். ஒவ்வொரு தடவையும் கையால் ஓட்டிச் சோதிக்க அலுப்பாக இருக்கிறதென்று பைதன் என்ற நிரல்மொழியில் சின்னப் புரோகிராம் ஒன்றும் எழுதியிருந்தார். அதை ஓடவிட்டால் படகு ஒரு துள்ளு துள்ளி நிற்கும், சில நேரம் அசையவே அசையாது.

திறந்து பார்த்தால், 'பிரஸ்' கட்டளையை 30 தடவை சுற்றவிட்டிருக்கிறார். அதிகம் பேர் விடும் பிழை இதுதான். பிரஸ் என்றால் அழுத்தி உடனே விடுவது. பிடித்திருப்பதற்கென்று கணினியிடம் தனிச் செய்தி இல்லை. விசை கீழே போனது, மேலே வந்தது என்ற இரண்டு செய்திகள்தான். நடுவில் எவ்வளவு நேரம் என்பதை நாம்தான் வைக்க வேண்டும். விளையாட்டு விநாடிக்கு 60 தடவை விசையின் நிலையைப் பார்க்கிறது என்று வையுங்கள். ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 16 மில்லிவிநாடி. அதற்குள் அழுத்தி விட்டுவிட்டால் விளையாட்டுக்கு ஒன்றுமே தெரியாது. கீடவுன் (விசை கீழே), 3 விநாடி காத்திருப்பு, கீஅப் (விசை மேலே) என்று மாற்றினோம். படகு நேராக ஓடியது.

சரி, இதையே நோட்பேடில் செய்தால் ஓர் எழுத்துத்தான் விழும். கையால் பிடிக்கும்போது வரிசையாக எழுத்து வருவது, கீழே போன செய்தி திரும்பத் திரும்ப வருவதால். வின்டோஸில் முதல் தாமதம் கால் விநாடியிலிருந்து 1 விநாடி வரை. அப்புறம் விநாடிக்கு ஏறத்தாழ 30 தடவை வரை போகும். புரோகிராம் அனுப்பும் கீடவுனுக்கு இது தானாக நடக்காது. எழுதும் செயலி என்றால் கீடவுனை நீங்களே இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அனுப்பி, கடைசியில் ஒரே ஒரு கீஅப் கொடுங்கள்.

அந்தக் கீஅப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். படிவம் நிரப்ப நான் எழுதிய புரோகிராம் ஒன்று ஷிஃப்ட்டை அழுத்திய நிலையிலேயே பிழையாகி நின்றுவிட்டது. அடுத்து அதே கணினியில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவருக்கு க அடித்தால் கு, ம அடித்தால் மு. பாவம், கீபோர்ட் பழுதென்று நினைத்து மாற்றவே போய்விட்டார். கையால் ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டியதும் சரியானது. அன்றிலிருந்து கீஅப்பை, பிழை வந்தாலும் கட்டாயம் ஓடும் 'ஃபைனலி' பகுதிக்குள்தான் வைக்கிறேன், நடுவில் என்ன பிழை வந்தாலும் விசை விடுபட்டுவிடும்.

வின்டோஸின் போஸ்ட்மெசேஜ் என்ற கட்டளை வழியாகச் செயலியின் ஜன்னலுக்கு நேரே செய்தி போடுவதையும் நம்பாதீர்கள். செய்தி போகும், ஆனால் விசையின் உண்மையான நிலை மாறாது. நிலையைக் கேட்கும் செயலி ஏமாறும். விசை அழுத்தியது போலவே அனுப்பும் சென்ட்இன்புட் என்ற கட்டளை போதும். அதில் ஸ்கேன்கோட் (கீபோர்ட் ஒவ்வொரு விசைக்கும் தரும் எண்) அனுப்பினால், மேல் அம்புக்கும் நம்பர்பேட் 8-க்கும் ஒரே எண்தான். 'எக்ஸ்டென்டட்' கொடியும் (இரண்டையும் பிரித்துக் காட்டும் குறி) சேர்த்தால்தான் அது அம்பு.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையா? எதிரே உள்ள செயலி அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். விஸ்டா என்ற பதிப்பிலிருந்து வின்டோஸ், அப்படிப்பட்ட செயலிக்கு அதைவிடக் குறைந்த அனுமதியோடு ஓடும் புரோகிராம் அனுப்பும் விசைகளைத் தடுத்துவிடும். அதனால் தடுக்கப்பட்டது என்று சென்ட்இன்புட் திருப்பித் தரும் எண்ணிலும் தெரியாது. உங்கள் புரோகிராமையும் அதே அனுமதியோடு திறந்து பாருங்கள்.